மெய் சொல்லும் மெய்: மூத்த விமானிகளின் இடுப்புப் பிடிப்பு

(அறக்கட்டளையின் விழாவையொட்டி இரும்புலியூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இரும்புலியூரில் வாழ்பவர் எவரும் வானை ஒருமுறையேனும் அண்ணாந்து பார்க்காமல் ஒரு நாளைக் கழித்துவிட இயலாது. வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். கிழக்கே தாம்பரம் விமானப்படைத் தளம். அத்தளத்தில் உள்ள விமானப் பயிற்றுநர் பள்ளி 1948ஆம் ஆண்டில் அம்பாலாவில் தொடங்கப்பெற்று, 1954இல் தாம்பரத்திற்கு வந்தது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி அது. ஆசிரியர்க்கு ஆசிரியராக விளங்கும் அப்பள்ளியின் வானில் பறந்தவர்களுள் பலர் பிற்காலத்தில் பயணிகள் விமானங்களையும் செலுத்தியிருக்கின்றனர்.

ஒலி கேட்டதும் குழந்தை வாசலுக்கு ஓடி வருகிறது. விமானத்தைப் பார்த்துக் கையசைக்கிறது. பெரியவர்களும் பார்க்கின்றனர். எல்லார் கண்ணுக்கும் தெரிவது இறக்கைகளும் வாலும்தான். அந்த வானூர்தியின் மூக்குப் பகுதியில், ஒரு சிற்றறைக்குள், இடுப்பில் பட்டை கட்டிய நிலையில் ஒருவர் பல மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. அவருக்கு அறுபது வயது கடந்திருக்கலாம். அவருடைய இடுப்பு மரக்கட்டைபோல் இறுகியிருக்கலாம். அவரைப் பற்றியதே இன்றைய உரை.

வானூர்தி என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. பாகன் செலுத்தாமலே இயங்கும் வான ஊர்தியைப் புறநானூறு பேசுகிறது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், சச்சந்தன் என்னும் மன்னன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்விக்கிறான். அதன் விசையை வலமாகத் திருகினால் மேலே எழும். இடமாகத் திருகினால் கீழே இறங்கும். கருவுற்றிருந்த விசயை அப்பொறியில் ஏறி வான்வழி தப்பிச் சென்று, சுடுகாட்டில் இறங்கி, அங்கே சீவகனை ஈன்றெடுக்கிறாள். காப்பியம் படிப்போர் மயிற்பொறியின் திறத்தை வியக்கின்றனர். நிறைமாத வயிற்றோடு அதில் அமர்ந்து அதை இயக்கிய பெண்ணின் உடல் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பொறியை வியந்து, பொறியைச் செலுத்தும் உடலை மறந்துவிடும் பழக்கம் இன்றும் மாறவில்லை.

இன்றைய விமானி ஒருவரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுகிறார். ஜி.எஸ்.டி. சாலை வழியே வண்டியில் உட்கார்ந்து மீனம்பாக்கம் செல்கிறார். பறப்பதற்கு முந்தைய ஆவணங்களைப் பார்க்கும்போதும் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறார். விமானத்தைச் சுற்றி நடந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே சென்று அமர்ந்தால், அதன்பின் அவருக்கு நடை இல்லை. சென்னையிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். அங்கே பயணிகள் இறங்கி ஏறும் சிறு இடைவேளையிலும் எரிபொருள், எடைக் கணக்கு, வானிலை எனப் பணி தொடர்கிறது. மீண்டும் பறக்க வேண்டும். வீடு திரும்பும்போதும் வண்டியில் உட்கார்ந்தே வருகிறார்.

உட்காரும் முறையிலும் இடர் உண்டு. விமானி அறை மிகக் குறுகியது. தலைக்கு மேலேயும் விசைகள் உள்ளன. அவற்றைத் தொடக் கையை உயர்த்தி உடலைப் பின்னோக்கிச் சாய்க்க வேண்டும். பக்கவாட்டில் வைத்திருக்கும் பையை எடுக்க இடுப்பைத் திருகிக் குனிய வேண்டும். வழிகாட்டி நூல்களைச் சுமந்த அந்தக் கனத்த பை, கையடக்கக் கணினி வந்த பிறகு இளைத்திருக்கிறது. ஆனால் திருகிக் குனியும் பழக்கம் போகவில்லை. ஹெலிகாப்டர் ஓட்டுவோரின் நிலை இன்னும் கடினம். ஒரு கை பக்கவாட்டிலும் மறு கை நடுவிலும் கோலைப் பிடித்திருக்க, உடல் முன்னோக்கிக் கூனுகிறது. அதனோடு எந்திரத்தின் அதிர்வும் இடைவிடாமல் முதுகெலும்பில் ஏறுகிறது.

இறுக்கம் எங்ஙனம் உண்டாகிறது என்பதை அறிந்தால், அதைத் தளர்த்தும் வழியும் விளங்கும். இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையிடையே டிஸ்க் எனப்படும் இடைத்தட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. வளர்ந்த மனிதரின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய் நேரே செல்வதில்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போது, நீரும் ஊட்டமும் சுற்றுப்புறத்திலிருந்து ஊறி உள்ளே சென்று வருகின்றன. எனவே அசைவே இடைத்தட்டுக்கு உணவு. அசையாது இருப்பது அதைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். வயது ஏற ஏற இடைத்தட்டில் நீர் குறைகிறது. அதன் உயரமும் நெகிழ்வும் குறைகின்றன.

சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் இடைத்தட்டின் உள்ளழுத்தத்தை அளந்து பார்த்தார். நிற்கும்போது இருப்பதைவிடச் சாய்மானமின்றி உட்காரும்போது அழுத்தம் மிகும் என்று அவர் கண்டார். பின்னர் வந்த ஆய்வுகள் நிற்பதற்கும் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடு அத்துணைப் பெரிதன்று என்று காட்டின. ஆயினும் ஒரு செய்தியில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்: கூனி முன்னோக்கி அமர்ந்தால் அழுத்தம் ஏறுகிறது, முதுகைச் சாய்மானத்தில் சாய்த்து அமர்ந்தால் குறைகிறது.

எலும்பும் இடைத்தட்டும் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. நெடுநேரம் உட்காரும்போது தொடையை மடக்கும் முன்பக்கத் தசை சுருங்கிய நிலையிலேயே இருந்து பழகிவிடுகிறது. பின்தொடைத் தசை விறைக்கிறது. பிட்டத் தசை தன் வேலையை மறக்கிறது. எழுந்து நிற்க முயலும்போது இவற்றின் சுமை எல்லாம் இடுப்பின் மேல் விழுகிறது. "எழுந்ததும் நிமிர முடியவில்லை, பத்து அடி நடந்த பிறகுதான் சரியாகிறது" என்று மூத்தோர் பலர் சொல்வதன் பொருள் இதுவே.

இரும்புலியூர் என்னும் பெயரைக் கேட்போர் இரும்பை நினைப்பர். இரும் புலி என்று பிரித்தால் பெரும்புலி என்று பொருள்படும். இரண்டும் இந்த உரைக்குப் பொருந்தும். ஒரே நிலையில் கிடக்கும் முதுகு இரும்பாக இறுகிவிடுகிறது. புலியோ உறங்கி எழுந்தவுடன் முன்கால்களை நீட்டி, முதுகை வளைத்து, உடலை ஒருமுறை முறுக்கி விட்ட பிறகே அடியெடுத்து வைக்கிறது. முதுமையில் முதுகு இரும்பாகாமல் புலியாக இருக்க வேண்டும்.

இந்த இடர் விமானிக்கு மட்டும் உரியதன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, இன்ன நோய்தான் காரணம் என்று சுட்ட முடியாத பொதுவான வலியே உள்ளது. ஸ்கேன் படத்தைக் கண்டு அஞ்சுவோரும் ஒன்றை அறிய வேண்டும். வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. அதன்படி, 60 வயதினரில் 88 விழுக்காட்டினருக்கு இடைத்தட்டுத் தேய்மானம் இருந்தது. எனினும் அவர்களுக்கு வலி இல்லை. தலை நரைப்பது போன்றதே இடைத்தட்டு தேய்வதும். படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதனாலேயே வாழ்வு முடிந்தது என்று எவரும் கலங்க வேண்டியதில்லை.

எனினும் விமானியின் இடுப்புக்கும் பிறர் இடுப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் உடலோடு பயணிகள் அனைவரின் உயிரும் பிணைந்திருக்கிறது. ஏறும் நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், விமானம் ஒரு பக்கம் திரும்ப முற்படும். அதைத் தடுக்கக் காலால் மிதியை வலுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்நொடியில் இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆபத்து நேர்ந்தால் அறையின் சாளரம் வழியே கயிற்றைப் பற்றி இறங்கும் நிலையும் வரக்கூடும். ஆதலால்தான் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006இல் வணிக விமானிகளின் வயது வரம்பை 60இலிருந்து 65ஆக உயர்த்தியபோதும், 60 வயதைக் கடந்தவர்க்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவச் சோதனை வேண்டும் என வகுத்திருக்கிறது.

அந்தச் சோதனையே மூத்த விமானியின் அச்சமாகவும் ஆகிவிடுகிறது. அவர் வீட்டில் நிகழக்கூடிய உரையாடல் ஒன்றை ஊகிப்பது கடினமன்று. "இத்தனை நாளாக இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கிறீர்களே, டாக்டரிடம் சொல்லிவிடுங்களேன்" என்பார் மனைவி. "சொன்னால் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள். இன்னும் மூன்று வருஷம்தானே, ஓட்டிவிடலாம்" என்பார் கணவர். மகளின் திருமணம், வீட்டுக் கடன், முப்பது ஆண்டுப் பெருமை ஆகிய மூன்றும் அவர் வாயை அடைக்கின்றன. அவருடைய அச்சத்தை எளிதாகப் பழிக்க இயலாது. ஆனால் மறைத்த வலி மறைந்த வலி ஆவதில்லை.

மறைப்பவர் அடுத்து நாடுவது மருந்துக் கடையை. ஆபத்து தொடங்கும் இடம் அதுவே. இடுப்பு வலிக்கு வழங்கப்படும் தசைத் தளர்ச்சி மாத்திரைகள் உறக்கத்தைத் தருவன. டிரமடால், கோடீன் போன்ற வலிநீக்கிகளும், கால் நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலினும் கவனத்தை மங்கச் செய்வன. இவற்றை உண்டு விமானம் செலுத்துதல் ஆகாது. பொதுவாகத் தீங்கு குறைந்ததாகக் கருதப்படும் மாத்திரையைக்கூட விமான மருத்துவரின் ஒப்புதலோடுதான் கொள்ள வேண்டும். இறுகிய இடுப்போடு பறப்பவரினும், இறுக்கத்தை மறைக்க மருந்துண்டு மயங்கிய கண்ணோடு பறப்பவரே பேராபத்து.

உண்மையைச் சொன்னால் உரிமம் பறிபோய்விடுமா? பெரும்பாலும் இல்லை. மருத்துவர் சில வாரங்களுக்குப் பணியினின்று விலக்கி வைக்கலாம். பயிற்சியும் ஓய்வும் பெற்று மீண்ட பின் மறுசோதனையில் தகுதி பெறலாம். தற்காலிகமான விலக்கம் நிரந்தரமான இழப்பன்று. தொடக்கத்திலேயே சொன்னவர் சில வாரங்களை இழக்கிறார். முற்றிய பின் கண்டறியப்பட்டவர் எஞ்சிய ஆண்டுகளையே இழக்க நேரலாம்.

வான வரலாற்றில் இரு பெரியோரின் வாழ்வு இங்கே எண்ணத்தக்கது. தமிழிலும் வெளிவந்து பலர் நெஞ்சைக் கவர்ந்த 'குட்டி இளவரசன்' நூலின் ஆசிரியர் அந்துவான் து செந்த்-எக்சுபெரி, பிரெஞ்சு விமானி. பல விபத்துகளில் சிக்கிய உடல் அவருடையது. இரண்டாம் உலகப் போரில் 43 வயதில் மீண்டும் பறக்கச் சென்றபோது, பறப்புடையைத் தாமே அணிந்துகொள்ள அவரால் இயலவில்லை. பகைவர் விமானம் வருகிறதா என்று பார்க்க இடப்பக்கம் தலையைத் திருப்பவும் இயலவில்லை. ஆயினும் பறந்தார். 1944 சூலை 31ஆம் நாள் சென்றவர் திரும்பவில்லை. அவர் விமானம் வீழ்ந்த காரணம் இன்னதென்று துணிந்து கூறுவதற்கில்லை. ஆயினும் தலையைத் திருப்ப இயலாத ஒருவர் தனியே போர்வானில் பறந்தார் என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

மற்றொருவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியே மும்பைக்குத் தபால் சுமந்த விமானத்தை ஓட்டி வந்தவர். அத்தபால் நெவில் வின்சென்ட் என்பவரால் அங்கிருந்து சென்னை வரை கொண்டுவரப்பட்டது. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1982இல், தம் 78ஆம் வயதில், பழைய சிறு விமானம் ஒன்றில் அதே கராச்சி–மும்பை வழியில் டாட்டா மீண்டும் பறந்து காட்டினார். முதுமை ஒன்றே தடையன்று என்பதற்கு அவர் சான்று. முதுமையையும் காயத்தையும் புறக்கணித்தல் ஆகாது என்பதற்கு முன்னவர் சான்று.

இனிச் செய்ய வேண்டியவற்றைக் காண்போம். முதலாவது, இருக்கையைத் தமக்கு உரியதாக்கிக்கொள்ளுதல். ஒருவர் இறங்கி மற்றொருவர் ஏறும் அவசரத்தில், முந்தையவர் வைத்துச் சென்ற அளவிலேயே அமர்ந்துவிடுவோர் உண்டு. அது பிறர் செருப்பை அணிந்து நடப்பது போன்றது. பின்சட்டைப்பையில் பணப்பை இருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்த அமர்வு இடுப்பைக் கோணச் செய்யும். பின்பு, பிட்டம் இருக்கையின் பின்விளிம்பைத் தொடும்படி அமர வேண்டும். கண்ணின் உயரம் உரிய இடத்தில் வரும்வரை இருக்கையை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். ஏர்பஸ் விமானங்களில் இதற்கெனவே முன்கண்ணாடியின் நடுத்தூணில் சிவப்பும் வெள்ளையுமான சிறு உருண்டைகள் உள்ளன; ஒன்றை ஒன்று மறைக்கும்போது கண் சரியான இடத்தில் இருக்கிறது. அதன்பின் இடுப்புத் தாங்கியைத் திருகி, இடுப்பின் இயல்பான உள்வளைவு நிரம்பும்படி செய்ய வேண்டும். அது போதாதெனில் சிறு துண்டைச் சுருட்டி அவ்விடத்தில் வைக்கலாம். மிதிகளை முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இறுதியாக அவற்றைச் சரிசெய்ய வேண்டும். இவை அனைத்திற்கும் இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது, பறக்கும்போது செய்வன. விமானம் சீராகப் பறக்கும் நேரத்தில், அரை மணிக்கு ஒருமுறை, பட்டையை அவிழ்க்காமலே இடுப்பை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கலாம். பிட்டத் தசையை இறுக்கித் தளர்த்தலாம். தோள்பட்டைகளைப் பின்னோக்கி இழுத்து விடலாம். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டலாம். இது காலில் இரத்தம் தேங்காமலும் காக்கும். எழுந்து செல்லும் வாய்ப்பு வரும்போது, கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு எழ வேண்டும். எழுந்தவர் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஐந்தாறு முறை மெல்லப் பின்னோக்கி வளைவது நன்று. எழ வேண்டியிருக்குமே என்றெண்ணித் தண்ணீர் அருந்தாதிருக்கும் பழக்கமும் உண்டு. வறண்ட காற்று நிறைந்த அறையில் அது தவறு.

பின்னோக்கி வளைவதன் பயன் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி 1956இல் ஒரு நோயாளியைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு வேறொருவரைக் கவனிக்கச் சென்றார். கட்டிலின் தலைப்பகுதி உயர்த்தப்பட்டிருந்ததைக் கவனியாமல் அந்நோயாளி குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடங்கள் முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் கிடந்தவர், வலி குறைந்துவிட்டதாகக் கூறி வியப்பில் ஆழ்த்தினார். அதிலிருந்து ஒரு மருத்துவ முறையே உருவாயிற்று. ஆயினும் இது எல்லார்க்கும் பொருந்தாது. தண்டுவடக் குழல் சுருங்கிய முதியோர்க்கு நடந்தால் கால் மரத்துப்போகும், குனிந்தால் இதமாகும். அவர்கள் பின்னோக்கி வளைதல் கூடாது. ஆதலின் தமக்கு ஏற்றது எதுவென்று இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறையேனும் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, தரையில் செய்யும் பயிற்சி. உறங்கும்போது இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துள்ளமையால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவதைத் தவிர்க்க வேண்டும். சற்று நடந்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். முதலில் புலியின் பயிற்சி: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகை மெல்ல மேலே வளைத்துப் பின் கீழே தாழ்த்துதல், ஏழெட்டு முறை போதும். அடுத்து, அதே நிலையில் ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நேராக நீட்டி, எட்டு முதல் பத்து நொடி நிறுத்திப் பக்கம் மாற்றுதல். பின்பு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம். ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலை முன்வைத்து, பின்தொடையின் மேற்பகுதி இழுபடுமாறு அரை நிமிடம் நிற்றல், உட்கார்ந்தே சுருங்கிய தசையை நீட்டும். படுத்த நிலையில் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டிக் காலை உயர்த்தினால் பின்தொடை தளரும். வெளியூர் விடுதி அறையிலும் இவற்றைச் செய்ய ஒரு துண்டு தவிர வேறொன்றும் வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் எளியது நடை. வாரத்திற்கு 150 நிமிட நடையும், இரு நாள் தசைவலுப் பயிற்சியும் பெரியவர்களுக்கு வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. நெடும்பயணம் முடித்து வருபவர் உடனே வண்டியில் ஏறிச் சாய்ந்துவிடாமல், கால் மணி நேரம் நடந்த பின் வீடு திரும்புவது இடுப்புக்குச் செய்யும் பேருதவி. இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்தே கிடக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. ஏழு நாள் படுக்கை ஓய்வு பெற்றவர்கள், இரண்டு நாள் ஓய்வு பெற்றவர்களைவிட ஒன்றும் விரைவாகக் குணமடையவில்லை என்பதை 1986ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளும் நாட்பட்ட இடுப்பு வலிக்கு விளக்கம் அளித்தலையும் உடற்பயிற்சியையும் முன்னிறுத்துகின்றன. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல் போன்றவற்றை வழக்கமான மருத்துவமாகக் கொள்ள வேண்டா என்கின்றன.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. தொக்கணம் எனப்படும் எண்ணெய்ப் பிடித்துவிடும் முறை சித்த மருத்துவத்தின் புற மருத்துவங்களுள் ஒன்று. அதனால் இதம் பெறுவோர் பெறலாம். ஆயினும் பணியில் உள்ள விமானி எந்த முறை மருத்துவத்தை மேற்கொண்டாலும், உள்ளுக்குக் கொள்ளும் மருந்து எதுவாயினும், அதை விமான மருத்துவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெருமுனையில் முதுகை முறித்துவிடுவோரிடம் செல்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

சில அறிகுறிகள் தோன்றினால் பயிற்சியையும் பொறுமையையும் ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் நில்லாமை, அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை. உட்காரும் இடத்தில் உணர்வு மரத்தல். காலில் வலுக் குறைதல் ஆகியன அவசர நிலைகள். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமின்றி உடல் எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி, விழுந்தபின் தோன்றும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவர்க்கு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடலாகாது.

இந்த அவையில் விமானிகள் சிலரே இருக்கக்கூடும். ஆனால் உட்கார்ந்து தொழில் செய்வோர் பலர் இருக்கின்றனர். கடையில் காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருப்போரின் முதுகும் விமானியின் முதுகே. சாமாயிகத்திற்கு 48 நிமிடம் என்று முன்னோர் வரையறுத்தது மனத்தின் பொருட்டு. எனினும் அந்தக் காலஅளவு முடிந்ததும் எழுகின்றவர்களுக்கு ஒரு நல்வழக்கம் கைவந்திருக்கிறது. கல்லாவில் அமர்ந்திருக்கும்போதும் அதே அளவை நினைவிற்கொண்டு எழுந்து நாலடி நடந்தால் இடுப்பு வாழ்த்தும்.

தமிழில் மெய் என்னும் ஒரே சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். முன்னோர் இரண்டுக்கும் ஒரு பெயர் இட்டது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் மூத்த விமானிக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. வலி என்பது மெய் சொல்லும் மெய். அதைக் கேட்டு அசைந்து கொடுப்பவரின் இடுப்பு தளரும். அதை மருத்துவரிடம் மறையாமல் உரைப்பவரின் பின்னே அமர்ந்திருப்போர் அச்சமின்றி உறங்குவர். வீட்டில் உள்ளோரும், "சொன்னால் வேலை போய்விடுமோ" என்று தாமும் அஞ்சாமல், "சொல்லுங்கள், சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று துணை நிற்க வேண்டும்.

இன்று மாலை இந்த மண்டபத்தை விட்டு வெளியே செல்லும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் செல்லக்கூடும். அப்போது இறக்கைகளைப் பார்க்கும் கண்கள், உள்ளே அமர்ந்திருக்கும் மனிதரையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். அவர் முதுகு நிமிர்ந்திருக்கட்டும்; அவர் நாவு மெய் பேசட்டும்; அனைவரும் நலமே தரையிறங்கட்டும்.